‘முடில’ என்பது சொல் அன்று

ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு ஈடாகத் தமிழ்ச்சொல் ஆக்குவது கடினமான வேலை அன்று. ஆக்கிய சொல்லைச் சொந்த வீட்டில் ஒருவரைச் சொல்லவைப்பதுதான் கடினம். என் மகள் விண்ணப்பித்த அமைப்பை ‘ஸ்டார்ட்அப் ஆக்சிலரேட்டர்’ என்பார்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களைச் சில மாதம் தம் அரவணைப்பில் வைத்துக்கொண்டு, பணமும் அறிவுரையும் பெரிய மனிதர்களின் அறிமுகமும் கொடுத்து, பதிலுக்குத் தொழிலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் இடம் அது. ஓடத் தொடங்கியவனைப் பின்னாலிருந்து முடுக்கிவிடுவதால் அதற்கு ‘முடுக்ககம்’ என்று பெயர் வைத்தேன்.

“அப்பா, முதல்ல தண்ணி குடிங்க. விக்கல் எடுக்குது உங்களுக்கு,” என்றாள் மகள். உள்ளறையில் படுத்திருந்த என் மனைவியும் சிரித்தாள். அந்த வீட்டில் அப்போது எல்லாரும் சிரிக்கக்கூடியவர்களாகத்தான் இருந்தோம் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வாளர் ஐயா, உங்கள் எழுத்தர் தயாரித்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். செய்திகளில் குறை காண மாட்டேன். ஆனால் என் வாயில் அவர் வைத்திருக்கும் வாக்கியங்களுக்குக் கீழே என்னால் கையொப்பம் இட இயலாது. ‘மனைவியின் சாவுக்கு காரணம்’ என்று எழுதியிருக்கிறார். ‘சாவுக்குக் காரணம்’ என்று வர வேண்டும். நான்காம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும். ஆகவே வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய வரிசையில் சொல்வேன், அவ்வளவே.

என் மகள் செயலிகள் எழுதுபவள். பெரிய நிறுவனம் ஒன்றில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவள் தாய் பக்கவாதத்தில் விழுந்து வலப்பக்கம் செயலிழந்தபோது வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். முன்னறைக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள நடைவழியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, தனியாளாக ஒரு செயலியை உருவாக்கினாள். நோயாளியின் தலைமாட்டில் ஒரு பழைய கைப்பேசி இருக்கும். அதில் அந்தச் செயலி சதா காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். நோயாளி உதவி கேட்டு முனகினால், கேட்ட சொல் தனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால், உடனே வீட்டில் இருப்பவரின் கைப்பேசியை உரக்க ஒலிக்கவைக்கும். அவர் எடுக்காவிட்டால் சற்றுநேரத்தில் அடுத்தவரின் கைப்பேசிக்குப் போகும். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அடுத்தவர் எதிர்வீட்டில் வசிக்கும் செவிலி. நாங்கள் அவரை நர்ஸம்மா என்போம்.

பக்கவாதத்தோடு என் மனைவிக்கு இதயமும் தளர்ந்துபோயிருந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு திடீரென்று மூச்சு அடைக்கும். அடைத்தால் செய்யவேண்டியவை மிக எளியவை: கட்டிலின் தலைப்பக்கத்தைத் திருகி உயர்த்த வேண்டும்; தலைமாட்டில் தொங்கும் ஆக்ஸிஜன் முகமூடியை முகத்தில் பொருத்த வேண்டும்; நர்ஸம்மாவைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து ஊசி போடுவார். இவற்றைச் செய்ய எனக்குத் தெரியும். தெரியாமல் போய்விட்டது என்று நான் எங்கும் சொல்லவில்லை.

அந்தச் செயலிக்கு என் மகள் கற்றுக்கொடுத்த சொற்கள் அனைத்தும் அவள் தாயின் வாயிலிருந்து எடுத்தவை. பல நாள் அருகில் உட்கார்ந்து பதிவுசெய்தாள். ‘முடில’. ‘மூச்சு முட்டுது’. ‘யாராச்சும் வாங்களேன்’. ஒருநாள் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ‘முடில’ என்ற அந்த ஒலி என் மனைவியைக் காப்பாற்றியது. மகள் கடையிலிருந்து ஓடிவந்தாள். நர்ஸம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தார். செயலி வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை.

வேலை செய்தது என்றாலும் அது ஒரு வீட்டிலும், அறிந்தவர் தெரிந்தவர் என்று இன்னும் சில வீடுகளிலும்தான் இருந்தது. முடுக்ககத்தில் இடம் கிடைத்தால் என் மகள் இதையே தொழிலாக்கிக்கொண்டு தாயின் அருகிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். தாயை ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும். அது எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

விண்ணப்பத்தில் விதவிதமான கேள்விகள் இருந்தன. ‘உங்கள் தயாரிப்பு என்ன செய்கிறது? ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்பது ஒன்று. ‘அழைத்தால் செவிமடுக்கும்’ என்று நான் எழுதிக்கொடுத்தேன். அவள் ‘கூப்பிட்டா கேக்கும்’ என்று எழுதினாள். ‘இது நாளைக்கு நின்றுபோனால் யார் வருந்துவார்கள்?’ என்பது இன்னொன்று. அதற்கு ‘என் அம்மா’ என்று எழுதிவிட்டு நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டாள்: ‘உங்கள் இணை நிறுவனர் யார்?’

தனியாளாக வருபவர்களை அந்த அமைப்புகளுக்குப் பிடிப்பதில்லையாம். ஒருவர் படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும் என்று அஞ்சுவார்களாம். மகள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, கோ-ஃபவுண்டரா வரீங்களா? சம்பளம் கிடையாது. காபி உண்டு.”

“என்ன பொறுப்பு?”

“மொழி. மொழிக்கு நீங்கதான் தலைவர்.”

“அவரு ஏற்கெனவே அப்படித்தானே நெனச்சுக்கிட்டு இருக்காரு,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர்கள் விளையாட்டாகச் சொன்னார்கள் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் என் பெயர் விளையாட்டாக எழுதப்படவில்லை. நான் சலவைச் சட்டை அணிந்து வந்து நிழற்படத்துக்கு நின்றேன். பள்ளியில் என் பணிக்காலம் முழுவதும் இலக்கணம் கற்பித்தவன். ஓய்வு பெற்றபின் ஒருவர் எனக்குக் கொடுத்த முதற்பொறுப்பு அது. பொறுப்பைப் பொறுப்பாக எடுத்துக்கொள்வது குற்றமாகாது.

செயலிக்குள் நுழையும் கடவுச்சொல்லை எனக்கு அவளே கொடுத்தாள். திரையில் தெரியும் சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினேன். அவளும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாள். ஒரு பொத்தானுக்கு மட்டும் வாதம் நடந்தது. கைப்பேசி ஒலிக்கும்போது, கேட்டவர் அதைத் தொட்டால் ஒலி நின்றுவிடும். ஒருவர் கிளம்பிவிட்டார் என்று கொண்டு செயலி அடுத்தவரை அழைக்காது. அந்தப் பொத்தானில் அவள் ‘வந்துட்டேன்’ என்று எழுதியிருந்தாள். இன்னும் எழுந்திருக்கவே இல்லாதவன் ‘வந்துவிட்டேன்’ என்று எப்படிச் சொல்வான் என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தானேப்பா சொல்றோம்? ‘இதோ வந்துட்டேன்’னு?”

விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வதை இலக்கணம் பொறுத்துக்கொள்ளும். கால வழுவமைதி என்று அதற்குப் பெயர். எனினும், வழுவமைதி என்பதே வழுவைப் பொறுத்துக்கொள்வதுதான். நான் பொறுத்துக்கொள்ள விரும்பவில்லை. ‘வருகிறேன்’ என்று மாற்றினேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சரி. பட்டன் உங்களுக்கு. காது எனக்கு. காதுல மட்டும் கை வைக்காதீங்க.”

காது என்று அவள் சொன்னது செயலி கேட்டறியும் சொற்களை. அந்த ஒப்பந்தத்தை நான் தெளிவாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

முதற்சுற்றில் தேர்வானோம். தேர்வுக்குழுவினர் மூவர் கணினித் திரையில் தோன்றி எங்களிடம் பேசினார்கள். மகள் அருகில் நானும் சட்டைப்பொத்தான்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டறியும் சொற்களை அவள் அவர்களுக்குக் காட்டினாள். நடுக்கட்டத்தில் இருந்தவர் நல்ல பிள்ளை. என்னிடம் படித்திருந்தால் இன்னும் நல்ல பிள்ளையாக இருந்திருப்பார்.

“சார், மொழிக்கு நீங்கதான் ஹெட்டாமே? அப்ப இந்த ‘முடில’ உங்க டிபார்ட்மெண்ட் தயாரிப்பா?”

மூன்று கட்டங்களும் சிரித்தன.

“ஐயோ, அப்பா அந்த வார்த்தையை இன்னும் வீட்டுக்குள்ளேயே சேர்க்கல சார்,” என்றாள் மகள். அவளும் சிரித்தாள்.

வகுப்பறையில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. நான் சினங்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றை உணர்ந்தேன். ஒரு மொழியாசிரியனின் வீட்டிலிருந்து, அவன் பெயர் பொறித்த தயாரிப்பிலிருந்து, அவன் மனைவியின் குரலில், இடிந்துபோன ஒரு சொல் ஊருலகத்துக்குப் போகப்போகிறது. ‘முடியவில்லை’ என்பதில் வினையும் எதிர்மறையும் தத்தம் இடத்தில் ஒழுங்காக நிற்கின்றன. ‘முடில’ என்பதிலோ நடுச்சுவர் விழுந்து இரண்டு ஓரங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அது சொல் அன்று, சொல்லின் சிதைவு. இனிப் பல்லாயிரம் வீடுகளில் அதைச் சொன்னால்தான் உதவி வரும் என்றால், அடுத்த தலைமுறை எதைச் சொல்லும்?

இதை மகளிடம் அமைதியாக எடுத்துச் சொன்னேன்.

“மூச்சு முட்டுறப்ப யாருப்பா ‘முடியவில்லை’ன்னு நிறுத்தி நிதானமா சொல்லுவாங்க?”

“பழக்கினால் சொல்வார்கள்.”

“அம்மாகிட்ட இருக்கிற மூச்சே கொஞ்சம். அதைப் போயி ‘ய’வுக்கும் ‘வி’க்கும் செலவு பண்ணச் சொல்றீங்களே.”

நல்ல வாதம்தான். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் ஆசிரியன் செய்யவேண்டியது செய்துகாட்டுவது.

அன்று முதல் மகள் வெளியே போகும் வேளைகளில் என் மனைவிக்குப் பயிற்சி கொடுத்தேன். அவளுக்கு அடிக்கடி நா வறளும். தண்ணீர்க் குவளையை எடுத்து என் கையில் வைத்துக்கொள்வேன். ‘தண்ணி’ என்பாள். காத்திருப்பேன். ‘தண்ணீர் வேண்டும்’ என்று சொன்னதும் கொடுப்பேன். ஒருபோதும் ஏமாற்றியதில்லை, சரியாகச் சொன்னால் உடனே கொடுத்தேன். தொடக்கத்தில் அவள் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். எங்களுக்குத் திருமணமான நாள் முதல் அவள் என்னை ‘வாத்தியாரே’ என்றுதான் அழைப்பாள்.

“வாத்தியாரே, செத்தப்புறம் இலக்கணமா பேசறேன். இப்ப குடுங்க.”

பிறகு வேடிக்கை குறைந்தது. சில நாள் வாய் திறக்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்நாள்களில் குவளையை அவள் கைக்கு எட்டாதபடி சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை மகள் வந்து பார்த்துவிட்டு, “ஏன்பா தண்ணி அங்க இருக்கு?” என்று கேட்டாள். ஆறட்டும் என்று வைத்தேன் என்றேன். அது குளிர்ந்த நீர்தான். அந்த ஒரு பொய்யைத் தவிர வேறு பொய் எதுவும் இந்தக் காலத்தில் நான் சொல்லவில்லை.

என் மனைவி மகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகள் முடுக்ககத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்திருப்பாள். அதற்காகத்தான் சொல்லாமல் இருந்தாள் என்று நர்ஸம்மா உங்களிடம் கூறியிருக்கிறார். நான் அப்படிக் கருதவில்லை. முறையிடாத மாணவர் உடன்பட்ட மாணவர் என்பதே என் பட்டறிவு.

கடைசிச் சுற்றுக்கு மகள் நேரில் போக வேண்டியிருந்தது. தொலைவான நகரம், முதல்நாளே கிளம்பினாள். இணை நிறுவனர் வரவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். “இணை நிறுவனர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கார்னு சொல்றேன்,” என்றாள். பிறகு கட்டிலைத் திருகி உயர்த்துவதையும் முகமூடி பொருத்துவதையும் என்னை ஒருமுறை செய்துகாட்டச் சொன்னாள். செய்துகாட்டினேன். பிழை இல்லை.

“எங்கேயும் போகாதீங்கப்பா. போன் கையிலேயே இருக்கட்டும். அடிச்சா அமுக்கிட்டு ஓடுங்க.”

என் மனைவி இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. “போயிட்டு வாம்மா. ஜெயிச்சுட்டு வா,” என்றாள். பிறகு, “இவருதான் இருக்காரே,” என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலை மகளின் மேசையில் அமர்ந்து செயலியின் சொற்பகுதியைத் திறந்தேன். திருந்திய வடிவங்களை முதலில் சேர்த்தேன்: ‘முடியவில்லை’, ‘மூச்சு அடைக்கிறது’, ‘யாரேனும் வாருங்கள்’. நான் பொறுப்பற்றவன் அல்லேன். மாற்றுச் சொல் வைக்காமல் எதையும் எடுக்கவில்லை. அதன் பிறகே சிதைவுகளை நீக்கினேன். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் சின்னக் குப்பைக்கூடை இருந்தது. ஒவ்வொரு முறையும் செயலி ‘நிச்சயமா?’ என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ஆம் என்றேன். அந்த மாற்றம் எங்கள் வீட்டுக்கு மட்டுமன்றி, செயலியை வைத்திருந்த மற்ற வீடுகளுக்கும் போய்ச்சேர்ந்தது என்கிறீர்கள். அவ்வீடுகளைப் பற்றி நான் நினைக்காமல் இல்லை. அவர்களுக்கும் நல்ல தமிழ் போய்ச்சேரட்டும் என்றே நினைத்தேன்.

பிறகு உள்ளறைக்குச் சென்று சோதித்தேன். கட்டிலருகே நின்று ‘முடில’ என்றேன். என் கைப்பேசி சும்மா இருந்தது. ‘முடியவில்லை’ என்றேன். ஒலித்தது. என் மனைவி படுத்தபடியே இரண்டையும் பார்த்தாள்.

“அது எந்திரம்ங்க. அதுக்கு என்னங்க தெரியும்?”

“தெரியும்படி செய்துவிட்டேன். இனி அதற்கு நல்ல தமிழ் மட்டுமே கேட்கும்.”

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு உதடுகளை அசைத்தாள். ஓசையில்லாமல் பாடம் சொல்லிப்பார்க்கிறாள் என்று கண்டுகொண்டேன். மனம் நிறைந்துபோயிற்று. அவ்வளவு நாள் பாடுபட்டதற்குப் பலன் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் முற்பகலில், மகள் தேர்வுக்குழுவின்முன் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டிய வேளையில், நான் முன்னறை நாற்காலியில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு மையால் பிழைகளைச் சுழித்துக்கொண்டே படிப்பது என் வழக்கம். கைப்பேசி என் மடியில் இருந்தது. உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது.

“முடில,” என்று கேட்டது.

கைப்பேசி ஒலிக்கவில்லை. நான் எழவில்லை. தவறான விடைக்கு ஒருமுறை தலையாட்டிவிட்டால் அதுவே நிலைத்துவிடும். கற்பித்தலில் முதற்பாடம் இது. அப்போது எழுந்து போயிருந்தால் அவ்வளவு நாள் பயிற்சியும் வீணாகியிருக்கும்.

“சரியாகச் சொல்,” என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

“முடிலங்க… வாத்தியாரே…”

“தெரியும் உனக்கு. சொல்.”

கட்டிற்கால் தரையில் உராய்ந்தது. மூச்சின் ஓசை, குவளையின் அடியில் மிஞ்சிய நீரை உறிஞ்சுகுழல் இழுப்பதுபோல் இருந்தது. அந்த ஓசையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

அதே நேரத்தில் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது பின்னர்த் தெரிந்தது. தேர்வுக்குழுவின்முன் மேசைமேல் இரண்டு கைப்பேசிகளை வைத்திருக்கிறாள். தாயின் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டிருக்கிறாள். ‘முடில’ என்று அந்தக் குரல் அறை முழுவதும் கேட்டிருக்கிறது. மற்றக் கைப்பேசி வாய்மூடிக் கிடந்திருக்கிறது. மறுபடி ஒலிக்கவிட்டிருக்கிறாள். மறுபடியும். நடுவில் இருந்த அந்த நல்ல பிள்ளை, “பரவாயில்ல, டெமோன்னா அப்படித்தான், நிதானமா பாருங்க,” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அவள் சொற்பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அறையைவிட்டு வெளியே ஓடிவந்து என்னை அழைத்தாள்.

“அப்பா, வார்த்தையெல்லாம் எங்க? யாரு கை வச்சது?”

“நான்தான் திருத்தினேன்.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“அம்மா மிக நன்றாகச் சொல்லிவிட்டாள்.”

“என்ன சொன்னாங்க?”

“‘முடியவில்லை’ என்று. முழுதாக, ஓர் எழுத்துப் பிசகாமல்.”

அந்தப் பக்கம் ஏதோ கதவு மூடியது. யாரோ சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள். என் மகளின் குரல் மிகத் தணிந்து வந்தது.

“அப்ப போன் அடிச்சிருக்கும்ல?”

அடித்தது என்றேன்.

“நர்ஸம்மாவுக்குப் போச்சா?”

போகவில்லை என்றேன்.

“பட்டனை அமுக்கினீங்களா?”

அமுக்கினேன் என்றேன்.

“போய்ப் பாத்தீங்களா?”

அவள் நான்கு கேள்விகள் கேட்டாள். மூன்றுக்கு விடை சொன்னேன். நான்காவதற்குச் சொல்லும் முன்பே அவள் தொடர்பைத் துண்டித்து நர்ஸம்மாவை அழைத்துவிட்டாள். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நான் தடுக்கவில்லை. சற்றுநேரத்தில் அவர் வெளியே வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். மொழியறிந்த ஒருவர் பேசாமல் உலுக்குவது எனக்குப் புதிதாக இருந்தது.

மகள் மறுநாள்தான் வந்துசேர்ந்தாள். அழவில்லை. என்னிடம் இன்றுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. முடுக்ககத்தார் இரக்கப்பட்டு, அடுத்த சுற்றில் நேரடியாக வரலாம் என்று எழுதினார்களாம். அவள் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டாள். செயலியையும் எல்லா வீடுகளிலிருந்தும் எடுத்துவிட்டாள். நடைவழியில் இருந்த மேசையை யாருக்கோ கொடுத்துவிட்டுப் பழைய நிறுவனத்துக்கே திரும்பப்போவதாக நர்ஸம்மா சொல்லிக் கேள்விப்பட்டேன். உங்களிடம் அவள் கூறியது ஒன்றே ஒன்று என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார்: “அவர் சொல்றதை அப்படியே எழுதிக்கோங்க. பொய் சொல்ல மாட்டார். தப்பா எதையும் சொல்ல அவரால தாங்க முடியாது.” அவள் என்னை நன்கு அறிந்தவள்.

ஆகவே, எஞ்சியிருப்பதையும் எழுதிவிடுகிறேன். ஒவ்வாத சொல்லைச் சொன்னதால் செயலிக்குக் கேட்கவில்லை, செயலிக்குக் கேட்காததால் எனக்குத் தெரியவில்லை என்று வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் சொல்லித்தந்தார். கட்டுக்கோப்பான வாதம். ஆனால் அது உண்மை அன்று.

‘முடில’ என்று அவள் பலமுறை சொன்னாள். பிறகு கொஞ்சநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, “முடி…ய…வில்…லை,” என்றாள். இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டாள். ஆனாலும் எழுத்தெழுத்தாக எல்லாம் இருந்தன. கைப்பேசி என் மடியில் உரக்க ஒலித்தது. அவ்வளவு உரக்க ஒலித்தால் அவள் குரல் கேட்காது என்பதால் ‘வருகிறேன்’ என்ற பொத்தானைத் தொட்டேன். ஒலி நின்றது. அதனால் எதிர்வீட்டில் ஒலிக்கவில்லை. ஒலிக்காது என்பது எனக்குத் தெரியும்.

எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனேன். பொத்தானில் சொன்னதைச் செய்தேன் என்றே சொல்ல வேண்டும். கட்டில் தாழ்ந்திருந்தது. முகமூடி அவள் தலைமாட்டில், நான் கை நீட்டினால் எட்டும் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. இடக்கையை என் பக்கம் நீட்டினாள். எங்கள் மணவாழ்க்கை முழுவதிலும் அவள் ஒரு வாக்கியத்தை எனக்காக அப்படி முழுமையாகச் சொன்னதில்லை. அவள்மேல் எனக்கு அவ்வளவு அன்பு வந்தது.

“நன்று,” என்றேன். “எங்கே, இன்னொரு முறை சொல்.”